ஒரே ஒயினரி, ஆறு பாட்டில்: மதுரை வெயிலில் ருசி பார்த்து மார்க் போடும் முறை

"ரெட் ஒயினை அறைச் சூட்டில் பரிமாறவும்" என்று லேபிளின் பின்பக்கம் அச்சடித்திருப்பார்கள். அந்த அறை மதுரையில் இல்லை. ஐரோப்பாவில் கல் சுவர் வைத்த பழைய வீடுகளின் அறை அது, 16, 17 டிகிரிக்கு மேல் போகாது. இங்கே ஏசி இல்லாத கூடத்தில் மாசி மாதமே 32 டிகிரி அடிக்கும், சித்திரையில் 38ஐத் தொடும். அந்தச் சூட்டில் ஊற்றிய ஷிராஸை (ஒரு கறுப்புத் திராட்சை ரகத்தின் ரெட் ஒயின்) முகர்ந்தால் மூக்கில் முதலில் ஏறுவது ஸ்பிரிட்தான். பழம் அதற்குப் பின்னால் எங்கோ நிற்கும். புளிப்பு சப்பென்று போய், இனிப்பு தூக்கலாகி, மொத்தமும் காய்ச்சிய ஜூஸ் மாதிரி இருக்கும். அப்படிக் குடித்துவிட்டு "நம்ம நாட்டு ஒயின் இவ்வளவுதான்" என்று பத்துக்கு நாலு போடுகிறவர்கள் வெயிலுக்குத்தான் மார்க் போடுகிறார்கள்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது ஒரு சமையலறைத் தெர்மாமீட்டர். ஃப்ரிட்ஜில் படுக்க வைத்த பாட்டில் 34 டிகிரியிலிருந்து 17க்கு இறங்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரம் என்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி போட்டு, பாட்டிலைக் கழுத்து வரை முக்கி வைத்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். வெறும் ஐஸ் கட்டி மட்டும் போட்டால் நேரம் இழுக்கும், ஏனென்றால் கட்டிகளுக்கு நடுவில் இருப்பது காற்று. ரெட்டை 15 டிகிரியில் ஊற்றுங்கள். கிளாஸுக்குள் போய்ச் சுழற்றி முகர்வதற்குள் அதுவாக 17, 18க்கு வந்துவிடும். சில்லென்று ஐந்து டிகிரியில் கொடுப்பதும் தப்பு. குளிரில் துவர்ப்பும் கசப்பும் தூக்கலாகத் தெரியும், இனிப்பு அடங்கிவிடும். இனிப்பு திகட்டும் மட்டமான ஒயினை ஐஸ் போட்டுக் கொடுத்தால் ஓடிவிடும் என்பது வியாபாரிகளுக்குத் தெரிந்த சங்கதி. குறையைப் பிடிக்க வேண்டும் என்றால் கடைசி மடக்கைக் கிளாஸிலேயே விட்டு, சூடேறியதும் மறுபடி முகர்ந்து பாருங்கள்.

ஒரே ஒயினரியின் பாட்டில்களை ஏன் வரிசையாகப் பார்க்க வேண்டும்? ஒரு வீட்டில் சாம்பார், ரசம், புளிக்குழம்பு மூன்றையும் சாப்பிட்டால் அந்தச் சமையல் கை உப்பில் தாராளமா, புளியில் கஞ்சமா என்று தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் சாப்பிட்டால் தெரியாது. அதே கணக்குதான். நான்கு ரெட்டிலும் ஒரே வெனிலா வாசனை வந்தால் அது திராட்சையிலிருந்து வரவில்லை. ஓக் மரப் பீப்பாயோ, தொட்டியில் போட்ட ஓக் சீவலோ கொடுத்தது. நான்கிலும் தீக்குச்சி உரசிய நெடி இருந்தால், ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபர் டையாக்சைடைப் போடும் கை தாராளம் என்று அர்த்தம். ஆறு பாட்டில் சரியான எண்ணிக்கை: நான்கு ட்ரை ரெட் (இனிப்பு இல்லாத ரெட்), இரண்டு ஃபார்ட்டிஃபைடு. எட்டுக்கு மேல் போனால் நாக்கு மரத்துவிடும்.

ஃபார்ட்டிஃபைடு என்றால் ஸ்பிரிட் ஏற்றிய ஒயின். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் போர்ட் செய்யும் முறை தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். திராட்சைச் சாறு புளிக்கத் தொடங்கி இரண்டு மூன்று நாளில், சர்க்கரை பாதி தீர்ந்திருக்கும்போது, 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் என்ற கணக்கில் 77 சதவீதத் திராட்சை ஸ்பிரிட்டை ஊற்றுவார்கள். ஆல்கஹால் ஒரே மூச்சில் 20 சதவீதத்துக்குப் பக்கம் ஏறும், ஈஸ்ட் செத்துவிடும், மீதிச் சர்க்கரை அப்படியே நின்றுவிடும். லிட்டருக்கு நூறு கிராமை ஒட்டிய சர்க்கரை. போர்ட்டின் ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்க அந்த இரண்டு மூன்று நாள்தான் அவகாசம், அதனால்தான் அங்கே சில ஒயினரிகளில் இன்றும் பழத்தைக் காலால் மிதித்துத் துவைக்கிறார்கள். கோவாவில் "போர்ட்" என்று பேர் போட்டு விற்கும் இனிப்பு ஒயின் வேறு சாதி. அதை டோரோ போர்ட்டோடு ஒப்பிட்டுத் திட்டுவதில் நியாயம் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இனிப்பு குறையை மூடும். லேசாகக் காடியாகிப் போன ரெட்டை வாயில் வைத்தவுடன் தெரிந்துவிடும். அதே ரெட்டில் நூறு கிராம் சர்க்கரை இருந்தால் பத்தில் எட்டுப் பேர் "நல்லாருக்கே" என்பார்கள். ஆகவே ஒரு ஒயினரியின் ஃபார்ட்டிஃபைடை எடைபோட அதன் விலை குறைந்த ட்ரை ரெட்டைத்தான் முதலில் திறக்க வேண்டும். அந்த ரெட்டில் பழம் சுத்தமாக, புளிப்பு நேராக இருந்தால் இனிப்பு பாட்டிலையும் நம்பலாம். அந்த ரெட்டே தடுமாறினால் இனிப்பில் எதை மூடியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். வரிசையும் இதையொட்டித்தான்: மெலிந்த ரெட், பிறகு கனமான ரெட், கடைசியில் இனிப்பு. ஃபார்ட்டிஃபைடை ஒரு மடக்கு குடித்துவிட்டு ட்ரை ரெட்டுக்குத் திரும்பினால் அது புளித்தண்ணீர் மாதிரி இருக்கும். லட்டு தின்றுவிட்டுக் காபி குடிக்கிற கதை.

அறை. மல்லிகைப்பூ வேண்டாம். மதுரையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் வேண்டாம். மல்லியின் மணத்தில் லினலூல் என்ற பொருள் இருக்கிறது. பன்னீர் திராட்சையின் மணத்துக்கும் அதே லினலூல்தான் முக்கிய ஆள். கூடத்தில் யார் தலையிலாவது ஒரு முழம் பூ இருந்தால், மூக்கு அந்த வாசனைக்குப் பழகிப்போய், கிளாஸில் இருக்கும் பன்னீர் மணம் பாதி காணாமல் போகும். ஊதுபத்தி, சாம்பிராணி, தாளிப்பு, கொசுவத்திச் சுருள் எல்லாமே எதிரிதான். காலை பத்து, பதினொரு மணி நல்ல நேரம். வயிறு லேசாகப் பசித்திருக்கும், வெயிலும் உச்சிக்கு ஏறியிருக்காது. காபி குடித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். வெற்றிலை போட்டவர் அன்றைக்கு வேடிக்கை பார்க்கலாம்.

கிளாஸ் வாய் குறுகி வயிறு அகன்றதாக இருக்கட்டும். ஒயின் சோதனைக்கென்றே உள்ள ஐஎஸ்ஓ கிளாஸ் 215 மில்லி பிடிக்கும், அதில் 50 மில்லி ஊற்றினால் சுழற்ற இடம் இருக்கும். எவர்சில்வர் டம்ளரில் நிறமும் தெரியாது, வாசனையும் நிற்காது. அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸுக்குள் பாச்சா உருண்டை வாசனை தங்கியிருக்கும். ஊற்றுவதற்கு முன் வெறும் கிளாஸை முகர்ந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சோப்புப் போடாமல் வெந்நீரில் கழுவுவது மேல். போர்த் தண்ணீரில் கழுவினால் உப்புப் படிந்து வெள்ளைத் திட்டு வரும், கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீரை எடுங்கள். வாய் கொப்பளிக்கவும் அதுவே. நாக்கைச் சுத்தம் செய்ய உப்புப் போடாத அரிசிப் பொரி நன்றாக வேலை செய்கிறது. முறுக்கும் மிக்சரும் கெடுத்துவிடும். சீஸ் வேண்டவே வேண்டாம். அது எந்த ஒயினையும் நல்ல ஒயினாகக் காட்டிவிடும்.

அளவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 13 சதவீத ரெட் நான்கு, தலைக்கு 50 மில்லி: 26 மில்லி சுத்த ஆல்கஹால். 19 சதவீத ஃபார்ட்டிஃபைடு இரண்டு, 30 மில்லி வீதம்: பதினொன்றரை. ஆக 37 மில்லிச் சொச்சம். 42.8 சதவீத பிராந்திக் குவார்ட்டரில் இருப்பது 77 மில்லி. அதாவது துப்பாமல் குடித்தால் கிட்டத்தட்ட அரைக் குவார்ட்டர். நாலாவது கிளாஸிலிருந்து எல்லாமே அருமையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆளுக்கொரு காகிதக் கப் வைத்துத் துப்புங்கள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும், வண்டி ஓட்ட வேண்டியவர் இதில் உட்காரக் கூடாது.

பாட்டிலைத் திறக்கும் முன் கழுத்தைப் பாருங்கள். உறை லேசாகச் சுழல வேண்டும். ஒட்டிக்கொண்டு திருகவே வரவில்லை என்றால், அல்லது கார்க் பாட்டில் வாயை விட்டு மேலே துருத்தியிருந்தால், அந்த பாட்டில் லாரியிலோ குடோனிலோ வெயில் வாங்கியிருக்கிறது. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளி, விளிம்பில் கசிந்து காய்ந்திருக்கும். உள்ளே இருப்பது வெந்த பழ வாசனையும் பழுப்பேறிய ஓரமுமாக இருக்க வாய்ப்பு அதிகம். இது ஒயினரியின் தப்பாக இருக்க வேண்டியதில்லை, அதனால் அந்த பாட்டிலுக்கு மார்க் போடாமல் வேறொன்று வாங்குங்கள். வண்டல் இருக்கும் பழைய பாட்டில் என்றால் ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்து, செல்போன் டார்ச்சைக் கழுத்துக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஜக்கில் நிதானமாகச் சாய்க்க வேண்டும். கழுத்தில் கறுப்புக் கோடு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

பேரைப் பார்த்து மார்க் போடக் கூடாது. ஃபார்ட்டிஃபைடு பாட்டிலின் வடிவமே காட்டிக்கொடுக்கும் என்பதால் செய்தித்தாள் சுற்றுவது போதாது. ருசி பார்க்காத ஒருவர் உள்ளறையில் ஊற்றி, கிளாஸ் அடியில் எண் ஒட்டிக் கொண்டுவரட்டும். அவரிடம் ரகசியமாக இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: ஏதாவது ஒரு ரெட்டை இரண்டு எண்ணில் ஊற்ற வேண்டும். அந்த இரண்டுக்கும் நீங்கள் போட்ட மார்க்கில் ஒன்றரைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைய தாளைக் கிழித்துப் போடுங்கள். பெரிய பேச்சுப் பேசும் பலர் இந்த ஒரு சோதனைக்குச் சம்மதிப்பதில்லை.

வாசனைக்கு வருவோம். இங்கிலீஷ் ஒயின் எழுத்தில் வரும் பிளாக்கரன்ட், பாய்சன்பெர்ரி எல்லாம் நமக்கு எதற்கு? நாவல்பழம் இருக்கிறது. கெபர்னே சாவின்யோன் என்ற திராட்சை ரகத்தின் கறுத்த பழமும் துவர்ப்பும் பழுத்த நாவல்பழத்துக்கு ரொம்பப் பக்கம். ஷிராஸில் மிளகு வரும். உவமைக்குச் சொல்லவில்லை, மிளகுக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் ரோட்டன்டோன் என்ற அதே பொருள் ஷிராஸ் தோலிலும் இருக்கிறது. ஐந்தில் ஒருவருக்கு அது தெரியவே தெரியாது, அதனால் "எனக்கு மிளகு வரலையே" என்பவரோடு சண்டை போடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் பீப்பாயில் கிடந்த டானி என்ற ஃபார்ட்டிஃபைடு வகையில் கருப்பட்டிப் பாகு, பேரீச்சம்பழம், வறுத்த வேர்க்கடலை. துவர்ப்பைப் பற்றிப் பேச அறுசுவையில் அதற்குத் தனி இடமே வைத்திருக்கும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தத் துவர்ப்பு என்று மட்டும் எழுதுங்கள். கடுக்காய் மாதிரி நாக்கை இழுத்துப் பிடிக்கிறதா, கொட்டைப்பாக்கு மாதிரி ஈறில் ஒட்டுகிறதா, பால் விடாத டீ மாதிரி மெல்லப் பரவுகிறதா? துவர்ப்பைக் கொடுக்கும் டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து திரிவதால்தான் வாய் வறள்கிறது. அது மடக்குக்கு மடக்கு ஏறும், ஆகவே ஒவ்வொரு ரெட்டுக்கும் நடுவில் இரண்டு நிமிடமும் ஒரு கைப்பொரியும்.

குறைகளுக்கும் நம் வீட்டு வாசனைகளே போதும். ஈரச் சாக்கு, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் கார்க்கில் பூஞ்சையால் உண்டாகும் டிசிஏ என்ற பொருள். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடிக்கும், பழம் முழுக்கச் செத்திருக்கும். கிளாஸில் வைத்தால் போகாது, இன்னும் மோசமாகும். காடியும் நெயில் பாலிஷும் கலந்த நெடி என்றால் அசிட்டிக் பாக்டீரியா வேலை. தொட்டியில் காற்றுப் புகுந்திருக்கிறது. வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் என்றால் ஆக்சிஜன் பட்டுவிட்டது. மாட்டுத்தொழுவமும் பழைய பிளாஸ்திரியும் சேர்ந்து வந்தால் பிரெட்டனோமைசிஸ் என்கிற ஈஸ்ட், பெரும்பாலும் கழுவாத பீப்பாயிலிருந்து. அழுகல் முட்டை நெடிக்கு மட்டும் ஒரு வைத்தியம் உண்டு: செம்புக் கம்பித் துண்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி கிளாஸில் போட்டுச் சுழற்றுங்கள். நெடி போய்ப் பழம் வெளியே வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அந்தக் கிளாஸைக் கொட்டிவிடலாம், ஆனால் மார்க்கை மொத்தமாக வெட்ட வேண்டாம். மீதி பாட்டிலை ஜக்கில் ஊற்றி அரை மணி நேரம் காற்றாட விட்டாலே ஓரளவு சரியாகும்.

ஃபார்ட்டிஃபைடில் தனியாகப் பார்க்க வேண்டியது ஸ்பிரிட் கலந்த விதம். நன்றாகச் சேர்ந்திருந்தால் நெஞ்சில் இதமான சூடு மட்டும் இறங்கும். சேராமல் இருந்தால் மூக்கில் ஊசி குத்தியது போல ஸ்பிரிட் முன்னால் தனியாகவும் சர்க்கரை பின்னால் தனியாகவும் வரும். இளம் ஒயினில் இது சகஜம், ஓரிரு வருடத்தில் அடங்கலாம். ஆனால் ரம் வாடை வந்தால் காலம் சரிசெய்யாது. ஏற்றிய ஸ்பிரிட் திராட்சையிலிருந்து வந்ததா, கரும்புக் கழிவுப்பாகிலிருந்து வந்ததா என்று சந்தேகப்பட வேண்டிய இடம் அது.

நம் பக்கத்துத் திராட்சைக்கு வந்தால் கதை சுவாரசியமாகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கம் பந்தல் பந்தலாகத் தொங்கும் பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவும் ஸ்கியாவா கிராசாவும் கலந்து பிறந்த ரகம் இது. மணம் கொட்டிக் கிடக்கும், நிறமும் துவர்ப்பும் குறைவு. தின்பதற்குப் பறிக்கும் 16 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) பழத்தைப் புளிக்கவைத்தால் ஆல்கஹால் ஒன்பது சதவீதத்தில் நின்றுவிடும். ஒயினுக்கு 22, 23 வரை கொடியிலேயே விட வேண்டும், அதற்குள் மழை வந்தால் பழம் வெடிக்கும். ட்ரை ரெட்டாகச் செய்தால் இன்னொரு சிக்கல்: மூக்கு ரோஜாப் பன்னீரை முகர்ந்து இனிப்பு வரப்போகிறது என்று காத்திருக்கும், வாயில் இனிப்பே இல்லாமல் லேசான கசப்பு வரும். ஏமாந்துபோன மாதிரி இருக்கும். இந்தப் பழம் ஸ்பிரிட் ஏற்றிய இனிப்பு ஒயினுக்கே பிறந்தது என்பது என் தீர்மானமான கருத்து. கலிஃபோர்னியாவின் குவேடி ஒயினரி இதே ரகத்தை பிளாக் மஸ்கட் என்ற பெயரில் எடுத்து, 15 சதவீத ஆல்கஹாலில் எலிசியம் என்ற இனிப்பு ஒயினாகச் செய்து பேர் வாங்கியிருக்கிறது.

இப்போது மார்க். அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பரப்பிய நூறு மார்க் முறையில் ஐம்பது சும்மாவே விழுந்துவிடும். 35 எடுத்தால் பாஸ் என்ற ஊரில் படித்தவர்களுக்கு அது ஒத்துவராது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் இருபது மார்க் முறை மேல், அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். நிறம், தெளிவுக்கு 2. வாசனைக்கு 6. வாயில் 8: புளிப்பு, துவர்ப்பு, இனிப்பும் காட்டமும் ஒத்துப்போவது, சுவையின் ஆழம், தலா 2. துப்பிய பிறகு சுவை நிற்கும் நேரத்துக்கு 2. பத்து விநாடிக்குள் மறைந்தால் அரை, இருபதைத் தாண்டினால் முழுசு. மொத்த அபிப்பிராயத்துக்கு 2. ஃபார்ட்டிஃபைடுக்கு அந்த எட்டை மட்டும் மாற்ற வேண்டும்: துவர்ப்பு 1, ஸ்பிரிட்டும் இனிப்பும் சேர்ந்த விதம் 3, மற்ற இரண்டும் பழையபடி.

பன்னீர் திராட்சை ட்ரை ரெட் ஒன்று பொதுவாக இப்படி விழும்: நிறம் 1, வாசனை 4, புளிப்பு 1, துவர்ப்பு அரை, இனிப்பும் காட்டமும் 1, ஆழம் அரை, நிற்பது அரை, மொத்த அபிப்பிராயம் அரை. ஒன்பது. அதே பழத்தின் ஃபார்ட்டிஃபைடு: நிறம் ஒன்றரை, வாசனை நாலரை, புளிப்பு 1, துவர்ப்பு அரை, ஸ்பிரிட் 2, ஆழம் 1, நிற்பது 1, அபிப்பிராயம் ஒன்றரை. பதிமூன்று. இரண்டிலும் மார்க் போகும் இடம் புளிப்பு. சூட்டில் பழுக்கும் திராட்சையில் புளிப்பு சீக்கிரம் கரைந்துவிடும், டார்டாரிக் அமிலம் சேர்த்துச் சரிக்கட்டாவிட்டால் இனிப்பு ஒயின் இருமல் சிரப் மாதிரி நாக்கில் உட்கார்ந்துகொள்ளும். பன்னிரண்டுக்குக் கீழே விழுந்ததை மறுபடி காசு கொடுத்து வாங்க மாட்டேன். பதினாறுக்கு மேலே ஏறினால் இரண்டு பாட்டில். விலையை மார்க் போட்டு முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஐந்து பேர் போட்டால் சராசரி எடுக்காமல் நடு மார்க்கை எடுங்கள், ஒருவருடைய வீம்பு மற்றவர்களை இழுக்காது.

மீந்த பாட்டில்களை மூடி ஃப்ரிட்ஜில் நிறுத்தி வைத்து மறுநாள் ஒரு தடவை பாருங்கள். முதல் நாள் துவர்ப்பில் முறுக்கிக்கொண்டிருந்த ரெட் மறுநாள் இளகி ஒரு மார்க் கூட வாங்குவதுண்டு. முதல் நாளே தொளதொளவென்று இருந்தது மறுநாள் தேறவே தேறாது. ரெட்டுக்கு மூன்று நாள்தான் ஆயுசு. பீப்பாயில் அதிக நாள் கிடக்காத ரூபி வகை ஃபார்ட்டிஃபைடு ஒரு வாரம், பத்து நாள். ஏற்கெனவே காற்றோடு பழகிய டானி ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும். போர்ச்சுகலின் மதெய்ரா தீவில் செய்யும் மதெய்ரா என்ற ஃபார்ட்டிஃபைடு மட்டும் தனி ரகம். பேரில் மதுரைக்குப் பக்கம், குணத்திலும் அப்படித்தான். அதன் பீப்பாய்களை ஒரு காலத்தில் கப்பலில் ஏற்றி வெப்பக் கடல்களைக் கடந்து இந்தியா வரை அனுப்பித் திரும்ப எடுத்துப்போனார்கள், வெயில் பட்டுப் பட்டு ருசி கூடியது என்று. இப்போது தொட்டியிலேயே 45 முதல் 50 டிகிரியில் மூன்று மாதம் சூடுபடுத்துகிறார்கள். திறந்த மதெய்ராவை ஃப்ரிட்ஜில் இடம் இல்லாவிட்டால் அலமாரியிலேயே விடலாம், பல மாதம் கெடாது. மற்றதற்கெல்லாம் திறந்த தேதியை எழுதி கழுத்தில் ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள்.